கோரிக்கையை அமுக்காதே

வரிசையாகச் சொல்கிறேன், தம்பி. வரிசை மாறினால் நியாயமே மாறிவிடும். குறைகளை நடந்த முறைப்படி அடுக்க வேண்டும். அப்போதுதான் கேட்கிறவனுக்கு மெல்ல மெல்லச் சூடு ஏறும்.

முதலாவது, கேன்டீன். எங்கள் கம்பெனிக் கேன்டீனில் சமைத்தவர்கள் எங்கள் ஆட்கள், சங்க உறுப்பினர்கள். ரசத்தில் உப்பு கூடினால் யாரைத் திட்டுவது என்று தெரியும். அதை எடுத்து வெளியாளுக்குக் கொடுத்தார்கள். சாப்பாடு நன்றாகத்தான் இருந்தது, நான் அதைச் சொல்லவில்லை. திட்டுவதற்கு ஆள் இல்லாமல் போனதைச் சொல்கிறேன்.

இரண்டாவது, வாட்ச்மேன். எங்கள் பழைய வாட்ச்மேன் என்னைத் தூரத்தில் பார்த்தாலே கதவைத் திறப்பான். அவனை அனுப்பிவிட்டு ஏஜென்சியிலிருந்து ஒருவனை நிறுத்தினார்கள். வந்த அன்றைக்கே என்னை மறித்து, “யாரைப் பாக்கோணும்?” என்று கேட்டான். சங்கச் செயலாளரை, அவன் சொந்தக் கம்பெனி வாசலிலேயே.

மூன்றாவது, கூட்டிப் பெருக்குவது. நான்காவது, சரக்கு லாரிகள். இந்த இரண்டையும் வெளியே கொடுத்தபோது நாங்கள் வேலைநிறுத்த நோட்டீஸ் கொடுத்தோம். நோட்டீஸ் கொடுத்ததோடு சரி, அது வேறு கதை.

ஐந்தாவது, சம்பள ஆபீஸ். அங்கே ஒரு கிளார்க் இருந்தார். மாதம் தவறாமல் தப்பாகக் கணக்குப் போடுவார். ஓவர்டைம் விட்டுப்போகும், ஒரே லீவுக்கு இரண்டு தடவை பிடித்தம் ஆகும். ஆட்கள் என்னிடம் வருவார்கள். நான் அவரிடம் போவேன். இரண்டு பேரும் சத்தம் போடுவோம். தப்பு சரியாகும். சங்கம் வளர்ந்ததே அப்படித்தான். அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டுச் சம்பள வேலையைப் பெங்களூரில் ஒரு கம்பெனிக்குக் கொடுத்தார்கள். எல்லாம் ஆன்லைன். அதற்குப் பிறகு ஒரு தப்புகூட வரவில்லை. யோசித்துப் பாருங்கள் தம்பி, ஒன்றுகூட இல்லை. மாதக் கடைசியில் என் மேசைக்கு முன்னால் நிற்க ஆளில்லை. இதைவிட நுணுக்கமாக ஒரு சங்கத்தை உடைக்க முடியுமா?

ஆறாவது, பெயர். அதைச் சொல்லத்தான் இந்த ஐந்தையும் சொன்னேன்.

உங்கள் கழுத்தில் தொங்குகிற அட்டையைப் பார்த்துத்தான் இந்த பஸ்ஸில் உங்கள் பக்கத்துச் சீட்டில் வந்து உட்கார்ந்தேன். தொழில் நிறுவனங்களுக்கு ஆன்லைன் சேவை என்று பையிலேயே போட்டிருக்கிறீர்கள். உடுமலைப் பக்கம் ஏதோ மில்லில் மாட்டப் போகிறீர்கள், இல்லையா? மாட்டுங்கள். உங்கள் பிழைப்பைக் கெடுக்க மாட்டேன். நான் பொள்ளாச்சியில் இறங்கிவிடுவேன், அதுவரை கேளுங்கள். அந்த ஜன்னலை மட்டும் கொஞ்சம் சாத்துங்கள். மைக் இல்லாமல் பேசிப் பேசித் தேய்ந்த தொண்டை.

என் பெயர் ஆறுச்சாமி. கோயம்புத்தூரில் மோட்டார் பம்ப் செய்யும் கம்பெனி ஒன்றின் தொழிலாளர் சங்கச் செயலாளர். கம்பெனி பெயரைச் சொல்ல மாட்டேன், சொன்னால் அவர்களுக்கு ஓசி விளம்பரம். பள்ளிக்கூடம் எட்டாவது வரை. மீதிப் படிப்பெல்லாம் துண்டறிக்கை. தெருவில் கொடுப்பார்களே, வாங்கிய கையோடு கசக்கிப் போடுவார்களே, அதை நான் இரண்டு பக்கமும் படித்தேன். அச்சகத்தின் விலாசம் வரைக்கும் படித்தேன். அதனால்தான் பேச்சு இப்படிப் புத்தகம் மாதிரி வருகிறது. வீட்டிலும் இப்படித்தான். என் மனைவி பழகிவிட்டாள்.

எங்கள் சின்ன முதலாளி வெளிநாட்டில் படித்தவர். என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்துச் சொன்னார். “ஆறுச்சாமிண்ணா, நமக்குத் தெரிஞ்சது பம்ப் செய்யறது. சோறாக்கறதும் கணக்குப் போடறதும் அதுல கெட்டிக்காரங்க செய்யட்டுமே. எல்லாத்தையும் நம்ம தலைல ஏன் போட்டுக்கோணும்?”

“அந்தத் தலையையும் ஒரு நாளைக்கு வெளிய குடுத்துருவீங்களா தம்பி?” என்று கேட்டேன்.

சிரித்தார். இந்தக் காலத்து முதலாளிகளிடம் அதுதான் தொல்லை. அவருடைய அப்பா மேசையைத் தட்டுவார், நானும் தட்டுவேன், காரியம் நடக்கும். சிரிக்கிற ஆளிடம் எதைத் தட்டுவது?

அப்புறம் அந்த மெஷின் வந்தது. உங்களுக்குத் தெரியும், நீங்கள் மாட்டுவதும் அதே மாதிரிதான் இருக்கும். கேட்டில், முகத்துக்கு நேரே, பலகை மாதிரி ஒரு திரை. முன்னால் போய் நின்றால் முகத்தைப் பார்க்கும். பெயர் சொல்லி வணக்கம் வைக்கும். அதே பெயரைத் திரையில் போட்டு, ‘தானா நீங்கள்?’ என்று கேட்கும். ‘ஆம்’ என்று அமுக்கினால் வேலைக்கு வந்ததாகக் கணக்கு. ‘இல்லை’ என்று அமுக்கினால் மன்னிப்புக் கேட்டுவிட்டு மறுபடியும் முதலிலிருந்து முகத்தைப் பார்க்கும். ஆக, உள்ளே போக ஒரே வழி, ஆம்.

முதல் நாள் காலை ஷிப்ட். நான்தான் முதலில் நின்றேன். எதிர்ப்பதாக இருந்தாலும் முதலில் நிற்பது என் வழக்கம். மெஷின் என்னைப் பார்த்தது.

“வணக்கம், குப்பண்ணன்,” என்றது.

தம்பி, குப்பண்ணன் என் அப்பா. பஞ்சாலையில் பதிலியாக, லீவு போட்டவனுக்குப் பதில் ஆளாக இருந்து, நிரந்தரம் ஆகாமலே போய்ச் சேர்ந்தவர்.

பெங்களூர்க்காரன் செய்த வேலை இது. நம் ஊரில் இனிஷியல் முன்னால் வரும், அது அப்பா பெயர். நான் கு. ஆறுச்சாமி. ‘கு’வை விரித்து எழுது என்றான், எழுதிக் கொடுத்தோம், குப்பண்ணன் ஆறுச்சாமி என்று. முன்னால் இருப்பதுதான் பெயர் என்று அவனுடைய மெஷின் எடுத்துக்கொண்டது. பின்னால் இருப்பது எதுவோ குடும்பப் பெயராம். அன்றைக்குக் காலையில் எங்கள் கம்பெனிக்குள் செத்துப்போன அப்பன்கள் எல்லாம் வரிசையில் நின்று வேலைக்குப் போனார்கள்.

லேத் ஓட்டுகிற கிட்டான் எனக்குப் பின்னால் நின்றான். “ஏனப்பா குப்பண்ணா, உன்ற பையன் செயலாளர் இன்னைக்கு வரலையா? எங்க போயிட்டான், மறியலுக்கா?” என்றான். அவன் முறை வந்தபோது அது “வணக்கம், மாரப்பன்” என்றது. மாரப்பன் ஊரறிந்த குடிகாரர். பின்னால் நின்றவன், “மாரப்பண்ணா, காலைலயே ஸ்டெடியா நிக்கறீங்களே,” என்றான். கிட்டானே சிரித்துவிட்டான்.

நான் சிரிக்கவில்லை. என் அப்பாவுக்கு அவர் உயிரோடு இருந்த காலத்தில் எந்த மில் வாசலிலும் யாரும் வணக்கம் சொன்னதில்லை. அதை அவமானம் என்று அன்றைக்கே ஷர்மிளாவிடம் பதிவு செய்தேன். ஷர்மிளா, எங்கள் எச்.ஆர். மேடம், சின்னப் பெண். அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போகும்போது மெஷின் முன்னால் இன்னொரு தடவை போய் நின்றேன். எதற்கு என்று கேட்காதீர்கள். சரிபார்க்க வேண்டாமா.

ஷர்மிளா ரொம்பப் பணிவாகத்தான் பேசினாள். “ஸாரிங்கண்ணா, அவங்க ஊர்ல பேரு வேற மாதிரி. உங்க போன்ல ஆப் இருக்குதில்ல, அதுல ‘பெயர் திருத்தக் கோரிக்கை’ன்னு இருக்கும். அதை அமுக்கினாப் போதும், ரெண்டு நாள்ல மாத்திருவாங்க.”

நான் எழுந்து நின்றேன். “மேடம், நாங்க கோரிக்கையை எழுப்புறவங்க. அமுக்குறவங்க இல்லை.”

அவள் தன் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கொண்டாள். முப்பது வருஷ மேடையில் எனக்கு இந்த மாதிரி வாக்கியம் நாலைந்துதான் கிடைத்திருக்கிறது. சங்க அலுவலகத்துக்கு வந்து கரும்பலகையிலேயே எழுதிப் போட்டேன், ‘கோரிக்கையை அமுக்காதே’ என்று. உறுப்பினர் யாரும் தனித்தனியாகப் போனில் எதையும் அமுக்கக் கூடாது. சங்கம் மொத்தமாகக் கேட்கும், அவன் மொத்தமாகத் திருத்தட்டும். கட்டுப்பாடு. சிலர் அமுக்கித்தான் இருப்பார்கள். ஒரு வாரத்தில் கிட்டானுக்கு மெஷின் கிட்டான் என்றே வணக்கம் வைத்தது. கேட்டால், “தானா மாறிருச்சுங்க,” என்கிறான்.

இனிமேல்தான் விஷயம்.

வைண்டிங் செக்‌ஷனில் வசந்தாமணி என்று ஒரு பெண். மோட்டாருக்குள் செம்புக் கம்பியைக் காயிலாகச் சுற்றுகிற வேலை. கை அவ்வளவு சுத்தம். இடது மணிக்கட்டு மட்டும் கொஞ்சம் வளைந்திருக்கும். அதை வளைத்தவன் அவள் புருஷன் சென்னியப்பன் என்று செக்‌ஷனில் எல்லோருக்கும் தெரியும். அவனை விட்டுவிட்டு அம்மா வீட்டுக்கு வந்துவிட்டாள். விவாகரத்தும் ஆகிவிட்டது. அப்பன் அவள் பிறந்த உடனே ஓடிப்போனவன். வளர்த்தது, படிக்க வைத்தது, கல்யாணம் செய்தது, கை ஒடிந்து வந்தபோது கதவைத் திறந்தது எல்லாம் அம்மா ராமாத்தாள்தான்.

அவள் வேலைக்குச் சேர்ந்தபோது கல்யாணம் ஆனவள். கம்பெனியில் கணவர் பெயர் கொடுத்திருந்தாள். ஆகவே மெஷின் அவளுக்கு என்ன வணக்கம் வைத்தது என்று நீங்களே சொல்லலாம்.

ஒரு நாள் மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் என்னிடம் வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

“அண்ணா, எல்லாரும் சிரிக்கறாங்க, நானும் சிரிச்சுப் பார்த்தனுங்க. முடியலீங்க. காலைல வந்ததும் வராததுமா மொதல்ல காதுல விழுகறது அவன்ற பேரு. நீங்க அவன்தானான்னு வேற கேக்குது. நான் ஆமான்னு அமுக்கோணும். தெனமும் அமுக்கோணும். இன்னைக்கு அமுக்கறப்ப இந்தக் கை வலிச்சுதுங்க.”

“எந்தக் கை?” என்று கேட்டேன்.

இடது கையைக் காட்டினாள்.

“சரி. நாளைக்கு அமுக்காதே,” என்றேன்.

“அமுக்காட்டி ஆப்சென்ட் விழுமுங்களே.”

“விழட்டும். நீ வேலை செய்தாய் என்பதற்கு நீ சுற்றிய காயில் சாட்சி. சங்கம் உன் பின்னால் நிற்கும்.”

போனைக் கையில் எடுத்தாள். “போன்ல ஏதோ இருக்குதுன்னு ஷர்மிளா மேடம் சொன்னாங்க...”

“அதுதான் வலை,” என்றேன். “அவன் கெடுத்ததை நீ போய்க் கெஞ்சி வாங்கணுமா? ஒரு தடவை அமுக்கிப் பழகினால் அப்புறம் லீவுக்கு அமுக்கு, முன்பணத்துக்கு அமுக்கு, கடைசியில் சங்கம் எதற்கு என்று கேட்பார்கள்.”

“எனக்கு இந்தப் பேரு போனாப் போதுமுங்க அண்ணா. என்ற அம்மா பேரு வந்தா இன்னும் நல்லது. மத்ததெல்லாம் எனக்குத் தெரியாது.”

“வரும். போராடி வரும்,” என்றேன்.

மறுநாளிலிருந்து அவள் அமுக்கவில்லை. மெஷினைத் தாண்டி நேரே செக்‌ஷனுக்குப் போனாள். ஏஜென்சி வாட்ச்மேன் கூப்பிட்டுப் பார்த்தான், திரும்பவில்லை. நாள் முழுக்க வேலை செய்தாள், பெங்களூர்க் கணக்கில் வரவில்லை என்று விழுந்தது. மறுநாளும் அப்படியே. பல்லைக் கடித்துக்கொண்டு செய்தாள். அந்த மாதச் சம்பளத்தில் பெரிதாக வெட்டு விழுந்தது. நான் எல்லோரிடமும் பெருமையாகச் சொன்னேன், வரலாற்றில் இப்படி ஒரு பெண் நின்றாள் என்று வரும் என்று. அவள் அம்மாவுக்கு மாத்திரை வாங்க கிட்டானிடம் கைமாற்று வாங்கினாளாம். போராட்டம் என்றால் இழப்பு உண்டு தம்பி. எனக்குக்கூட அந்த மாதம் இரண்டு நாள் தொண்டை கட்டிக்கொண்டது.

கம்பெனி குற்றப் பத்திரிகை கொடுத்தது. வேண்டுமென்றே வருகையைப் பதிவு செய்ய மறுத்தார், கட்டளைக்குக் கீழ்ப்படியவில்லை, உள்விசாரணை நடக்கும். நிரூபணமானால் வேலை போகும். ஷர்மிளா அந்தக் காகிதத்தைக் கொடுக்கும்போது, “இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகலீங்க அக்கா,” என்று அவளிடம் ஏதோ சொல்ல வந்தாள். நான் இடையில் போய் நின்றுவிட்டேன்.

அன்றைக்கு ராத்திரியே துண்டறிக்கை எழுதினேன். தலைப்பு உங்களுக்கே தெரியும். ‘கோரிக்கையை அமுக்காதே’. கீழே, ‘வீராங்கனைக்கு நீதி கேட்டு வாயிற்கூட்டம்’. எங்கள் பழைய அச்சகத்தை மூடிவிட்டார்கள், அதனால் சிவகாசிக்குப் போனில் அனுப்பினேன். அங்கே ஒரு கம்பெனி இருக்கிறது. ஆன்லைனில் அனுப்பினால் அவர்களே அடித்து, கட்டுக் கட்டி, பார்சல் ஆபீஸுக்கே அனுப்பிவிடுகிறார்கள். பழைய அச்சகத்தைவிடச் சல்லிசு. என்ன சிரிக்கிறீர்கள்? அச்சு மெஷினை வாங்கி வைத்து ஓட்டுவதா எங்கள் வேலை? எங்கள் வேலை போராடுவது. அச்சடிப்பதை அதில் கெட்டிக்காரன் செய்யட்டுமே.

கட்டுப் பிரித்து முதல் அறிக்கையை வசந்தாமணிக்குத்தான் கொடுத்தேன். செக்‌ஷனில் எல்லோரும் பார்க்கட்டும் என்று அங்கேயே கொடுத்தேன். படித்தாள். ஒரே இடத்தில் கண் நின்றுவிட்டது.

“அண்ணா, இதுல ‘செ. வசந்தாமணி’ன்னு போட்டிருக்குதுங்க.”

“ஆமாம்.”

“செ...ன்னா?”

“சங்கப் பதிவில் அப்படித்தானே இருக்கிறது. சேரும்போது நீதான் கொடுத்தாய். ஒரு எழுத்து, விடு. கருத்தைப் பார். மூன்றாவது பத்தியைப் படி, பெண் விடுதலையைப் பற்றிப் போட்டிருக்கிறேன்.”

மூன்றாவது பத்தியைப் படித்தாளா என்று தெரியவில்லை. “இந்தக் கட்டு இங்க இருக்கட்டுங்க, நான் எல்லாருக்கும் குடுத்தர்றேன்,” என்றாள். எனக்குச் சந்தோஷம். இந்த அளவுக்கு ஈடுபாடு வந்துவிட்டதே என்று விட்டுவிட்டுப் போனேன்.

ஷிப்ட் முடியும்போது வந்து பார்க்கிறேன், தம்பி. காயிலுக்கு அடிக்கிற வார்னிஷ் இருக்கிறதே, பிரஷ்ஷால் பூசுவார்கள், காய்ந்தால் கல் மாதிரி ஆகிவிடும், அதைத் தொட்டு ஒவ்வொரு அறிக்கையிலும் அந்த ‘செ’ மேல் ஒரு பொட்டு வைத்திருக்கிறாள். ஒன்றுவிடாமல் வைத்திருக்கிறாள். வைத்து வைத்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கிறாள். அது காய்ந்து, ஒரு மூலையில் மொத்தக் கட்டும் ஒட்டிக்கொண்டுவிட்டது. இழுத்தால் கிழிகிறது. கத்தியை விட்டு நெம்பினேன், தலைப்போடு சேர்ந்து பிய்ந்து வந்தது.

“என்னம்மா இது?” என்றேன்.

“காய விட்டுருக்கோணுமுங்க,” என்றாள். “அவசரப்பட்டு அடுக்கிப்போட்டேன்.”

கிட்டான் அந்தக் கட்டைத் தூக்கிப் பார்த்து, “நல்ல கனமுங்கண்ணா, லேத்துக்கு அடில முட்டுக் குடுக்கலாம்,” என்றான். குடுத்தும்விட்டான். நான் கோபத்தில் அவளிடம் இரண்டு நாள் பேசவில்லை. படிக்காத பெண்ணாக இருந்தாலாவது பரவாயில்லை. அச்செழுத்தின் அருமை இவ்வளவுதானா?

இருந்தும் வாயிற்கூட்டத்தை நிறுத்தவில்லை. துண்டறிக்கை இல்லாமலே நடத்தினேன். நல்ல கூட்டம், ஷிப்ட் முடிந்து பஸ்ஸுக்கு நின்றவர்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். கேன்டீனில் தொடங்கினேன். வாட்ச்மேன், கூட்டிப் பெருக்குவது, லாரி, சம்பள ஆபீஸ் என்று வரிசையாக வந்தேன். என் அப்பா பதிலியாக நின்று காத்திருந்த மில் வாசலுக்கும் ஒரு சுற்றுப் போய்வந்தேன். தொண்டை நன்றாக ஒத்துழைத்தது. வசந்தாமணியைப் பற்றி எப்போது பேசினேன் என்கிறீர்களா? அவளிடம் வருகிற நேரத்துக்கு பஸ் வந்துவிட்டது.

அவளும் கூட்டத்துக்கு வரவில்லை. கேட்டுக்கு உள்ளே, ஷெட் ஓரமாக, ஷர்மிளாவோடு நின்று போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பேசும்போதே எனக்குக் கண்ணில் பட்டது. மறுநாள் கேட்டேன், கம்பெனிக்காரியோடு உனக்கு என்ன பேச்சு என்று.

“ஒண்ணுமில்லீங்கண்ணா. ராமாத்தாளுக்கு இங்கிலீஷ்ல எத்தனை ‘ஏ’ன்னு கேட்டேன்.”

விசாரணையை வைத்துக்கொண்டு இங்கிலீஷ் பாடம் படிக்கிறாள். தலையில் அடித்துக்கொண்டேன். ஆனால் விடுவேனா? அவளுக்கு உதவியாளராக நான்தான் உட்காரப் போகிறேன். உட்கார்ந்து வாதம் எழுதினேன். பெயர் என்பது என்ன, தொழிலாளிக்குப் பெயர் கிடைத்த வரலாறு என்ன, எல்லாம் அதில் இருந்தது.

கிணத்துக்கடவு தாண்டிவிட்டதா? சரி, விசாரணைக்கு வருகிறேன்.

விசாரணை அதிகாரி யார் தெரியுமா? வெளியாள். காந்திபுரத்தில் ஆபீஸ் வைத்திருக்கிற ஒரு வக்கீல். கம்பெனிகளுக்கு விசாரணை நடத்திக் கொடுப்பதே அவர் தொழிலாம். ஏழாவதாக எழுதிக்கொள்ளுங்கள், நியாயத்தையும் வெளியே கொடுத்துவிட்டார்கள்.

மீட்டிங் ஹாலுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அவள் என்னைப் பார்த்துத் திரும்பினாள். முகத்தில் ஒரு மாதிரியான தெளிச்சி.

“அண்ணா, நான் அமுக்கிட்டனுங்க.”

எனக்குப் பதறிவிட்டது. விசாரணைக்கு முன்னால் எத்தனையோ பேர் உடைந்துபோவதைப் பார்த்தவன் நான். “அமுக்கக் கூடாது,” என்றேன். “கோபத்தை அமுக்கினால் நெஞ்சுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். உள்ளே வந்து அத்தனையையும் காட்டு.”

“கோபம் இல்லீங்க. அது...” என்று போனை நீட்டினாள். ‘உங்கள் கோரிக்கை’ என்று ஏதோ வந்திருந்தது.

“கம்பெனியிலிருந்து வந்ததா?”

“ஆமாங்க.”

“மூடி வை. விசாரணைக்கு முன்னால் எதிர்த்தரப்பு அனுப்பும் எதையும் திறக்கக் கூடாது. சட்டம்.” அப்படி ஒரு சட்டம் இருக்கிறதா என்று கேட்காதீர்கள். இருக்க வேண்டும்.

போனை மூடி இடுப்பில் செருகிக்கொண்டாள். “போச்சாதுங்க, பரவால்ல, உள்ளயே தெரியட்டும்,” என்றாள்.

முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். குற்றச்சாட்டு அன்றைக்கே கைவிடப்பட்டது. அவள் வேலை செய்த நாட்களை வேலை நாட்களாகவே எடுத்துக்கொள்வதாகச் சின்ன முதலாளியே எழுதிக் கொடுத்தார். வேலை நிலைத்தது. மெஷினில் எல்லோருடைய பெயரையும் அவர்களே மொத்தமாகத் திருத்திவிட்டார்கள். என் வாதத்தில் ஒரு பக்கம்கூட நான் படிக்க வேண்டி வரவில்லை. வாயிற்கூட்டம் ஒன்றுக்கே கம்பெனி இவ்வளவு ஆட்டம் கண்டுவிட்டது. அடுத்த துண்டறிக்கையில் அப்படித்தான் போட்டிருக்கிறேன், ‘சங்கத்தின் இடிமுழக்கத்துக்குப் பணிந்தது நிர்வாகம்’ என்று. ஷர்மிளா அதைப் படித்துவிட்டு வசந்தாமணியைப் பார்த்துச் சிரித்தாளாம். வசந்தாமணியும் சிரித்தாளாம். வெற்றி பெற்றால் எல்லோரும்தான் சிரிப்பார்கள்.

ஒரே ஒரு நஷ்டம், மெஷின் இப்போது எனக்கும் ஆறுச்சாமி என்றே வணக்கம் வைக்கிறது. நஷ்டம் என்றா சொன்னேன்? லாபம். லாபம் என்றுதான் சொல்ல வந்தேன்.

ஆனால் அந்த ஹாலில் நடந்ததைச் சொல்லாமல் நான் இறங்க மாட்டேன். உங்கள் மெஷினை மாட்டுவதற்கு முன் நீங்கள் கேட்க வேண்டியது அதுதான்.

வக்கீல் லேப்டாப்பைத் திறந்தார். ஒரு பக்கம் ஷர்மிளா, ஏஜென்சி வாட்ச்மேன், அவர்கள் கம்பெனி சாட்சிகள். இந்தப் பக்கம் கிட்டானும் வைண்டிங் செக்‌ஷனிலிருந்து ஒரு பெண்ணும், எங்கள் சாட்சிகள். சாப்பாட்டு நேரம் என்பதால் ஜன்னலுக்கு வெளியே ஆட்கள் கூடிவிட்டார்கள். விசாரணை என்றால் முதலில் பெயரைப் படிக்க வேண்டும், சாட்சிகள் கேட்க வேண்டும், அதற்குப் பிறகுதான் மற்றது.

“குற்றம் சாட்டப்பட்ட தொழிலாளியின் பெயர்,” என்று இழுத்தார் வக்கீல், திரையைப் பார்த்தபடி.

நான் எழுந்துவிட்டேன். “ஐயா, அந்தப் பெயரை நீங்கள் உச்சரித்தால் நாங்கள் வெளிநடப்புச் செய்வோம்.”

“நான் இன்னும் படிக்கவே இல்லீங்களே,” என்றார்.

“படித்த பிறகு எதிர்ப்பதல்ல எங்கள் மரபு.”

யாரோ என் சட்டையின் ஓரத்தைப் பிடித்து இழுத்தார்கள். வசந்தாமணி. இடது கை. “அண்ணா, உக்காருங்க,” என்றாள். அந்தக் குரலை நான் அதற்கு முன்னால் அவளிடம் கேட்டதில்லை. உட்கார்ந்துவிட்டேன். வயதாகிவிட்டது, முழங்கால் வலி.

வக்கீல் மறுபடி குனிந்தார். கண்ணாடியை மேலே தள்ளினார். “வசந்தாமணி. தகப்பனார் அல்லது கணவர் பெயர்...” நிறுத்தினார். ஷர்மிளாவைப் பார்த்தார். “இதுல ஏதோ தப்பா ஏத்தியிருக்காங்க போல. பொம்பளை பேரு போட்டிருக்கு.”

“தப்பு இல்லீங்க சார்,” என்றாள் வசந்தாமணி. “என்ற அம்மா.”

“அப்ப இதை நான் எப்படிம்மா படிக்கிறது? இந்த இடத்துல மகன், மகள், மனைவின்னு ஆம்பளை பேரோட சேர்த்துத்தான் படிச்சுப் பழக்கம்.”

அவள் எழுந்து நின்றாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். ஜன்னலுக்கு வெளியே நின்றவர்களை ஒரு தடவை பார்த்தாள். கிட்டான் தலையிலிருந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டான், ஏன் என்று அவனுக்கே தெரியாது. வாட்ச்மேன்கூட நிமிர்ந்து நின்றான்.

“எழுதியிருக்கறபடியே படிங்க சார்,” என்றாள். “கொஞ்சம் சத்தமா. வெளிய நிக்கறவங்களுக்கும் கேக்கோணும்.”

வக்கீல் தொண்டையைச் செருமிக்கொண்டார். அத்தனை பேருக்கும் கேட்கும்படி, ஒவ்வொரு எழுத்தாக நிறுத்திப் படித்தார்.

“ராமாத்தாள் மகள் வசந்தாமணி.”